வெள்ளையர் போனபின் யார்? காஞ்சியில் எழுந்த கேள்வி



காஞ்சி வரதராசப் பெருமாளின் நகைகளில் ஒன்றுக்குக் கிளைவ் மகரகண்டி என்று பெயர். ராபர்ட் கிளைவ் கொடுத்தது என்பது கோயில் வழக்கு. கம்பெனிக்காரன் காணிக்கை சாமி மார்பில் கிடப்பதா என்று யாரும் அதைக் கழற்றி எறியவில்லை. நானும் அதற்கு வரவில்லை. நம் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும் பிரெஞ்சுக்காரன் கண்டதுதான். நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அதை அந்நியம் என்று சொன்னால் சிரிப்பார்கள். பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது சுலபம். அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டதுதான் இந்த ஊருக்குப் பெருமை.

1925 நவம்பரில் இங்கே தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை திரு.வி.க. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர், வைக்கத்தில் சிறை சென்றவர் ஈ.வெ.ரா. பெரியார். சட்டசபையிலும் உத்தியோகங்களிலும் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வேண்டும் என்ற தீர்மானத்தை வலியுறுத்தினார். அது அனுமதிக்கப்படவில்லை. அவர் வெளியேறினார். அந்தக் கோபம் அன்று காலையில் பிறந்ததல்ல. காங்கிரஸ் நிதி பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடந்தது. நடத்தியவர் வ.வே.சு. ஐயர், லண்டனிலும் புதுச்சேரியிலும் வெள்ளையனுக்கு எதிராக உயிரைப் பணயம் வைத்தவர். அவர் தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தத் தியாகம் பந்திவரைக்கும் வரவில்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர் தம் வீட்டு ஏகாதிபத்தியத்தைக் காணாமல் இருக்கமுடியும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

1947 ஆகஸ்டில் அதே கேள்வி பெரியாருக்கும் அண்ணாவுக்கும் இடையே வந்தது. ஆட்சி வெள்ளையரிடமிருந்து பார்ப்பன பனியாவிடம் கைமாறுகிறது, இது துக்க நாள் என்றார் பெரியார். இந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1942இல் இங்கிருந்தே தொடங்கிய ‘திராவிட நாடு’ ஏட்டில் அதை மறுத்து எழுதினார்: இது இன்ப நாள், இரண்டு சுமைகளில் ஒன்று இறங்குகிறது. என் கட்சி அண்ணா பக்கம். மிச்சமிருக்கும் சுமையைப் பற்றி அவருக்கும் பெரியாருக்கும் கணக்கு ஒன்றுதான் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். அல்ஜீரியப் போராட்டத்தோடு நின்ற ஃபிரான்ட்ஸ் ஃபனோன், வெள்ளையன் எழுந்த நாற்காலியில் உள்ளூர் மேட்டுக்குடி உட்கார்ந்துகொள்வதைப் பற்றி 1961இல்தான் புத்தகமாக எழுதினார். அதற்கு 36 ஆண்டு முன்பே நம் மாநாட்டுப் பந்தலில் அந்தப் பேச்சு எழுந்துவிட்டது.

இப்போது காலனிய எதிர்ப்பை அரசாங்கமே பேசுகிறது. 2022 சுதந்திர நாளன்று செங்கோட்டையில், அடிமை மனநிலையின் சுவடே கூடாது என்றார் பிரதமர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மெக்காலே வரைவின் வழிவந்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 1908இல் வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பிய 124அ பிரிவில் ராஜத்துரோகத்துக்கு ஆயுள் அல்லது மூன்றாண்டுவரை சிறை. அந்தப் பிரிவு போனதற்குக் கைதட்டினார்கள். நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவித்தால் என்று தொடங்கும் புதிய 152ஆம் பிரிவில் ஆயுள் அல்லது ஏழாண்டுவரை. மெக்காலேயின் ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு வடமொழிப் பெயரை வைத்தால் வ.உ.சி.யின் திருநெல்வேலிக்காரருக்கு எந்த அடிமைத்தனம் விலகிற்று? சன்ஹிதா என்ற சொல்லை எங்கள் தெருவில் ஒருவராவது தடுக்காமல் சொல்லட்டும், பார்க்கலாம்.

நெசவுக்கு வருகிறேன். 1905 ஆகஸ்டு 7இல் கல்கத்தாவில் எழுந்த சுதேசி முழக்கத்தின் நினைவாக, 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி நாள். 2020இல் அந்த நாளுக்குப் பதினோரு நாள் முன்பு, நெசவாளர்களும் உட்கார்ந்து பேச இடமிருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். நாள் கிடைத்தது, நாற்காலி போயிற்று.

அப்படி ஒரு கைத்தறி நாள் விழாவுக்கு நானும் போயிருந்தேன். மேடையில் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்தில் இருந்த முதிய நெசவாளர் என் தோளில் கிடந்ததன் ஊடையை விரலால் ஒருமுறை தடவினார். கரையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, மைக்கில் விழாதபடி குனிந்து, “விசைத்தறிங்கய்யா” என்றார்.