அம்மாவுக்கும் அரை மணி நேரம்

 

இன்று ஒரு சின்ன விஷயம் பேசப் போகிறேன். வீட்டை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நடப்பதைப் பற்றித்தான்.

"இதற்கு ஒரு கூட்டமா?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நேற்று எவ்வளவு நேரம் வெளியே இருந்தீர்கள்? ரேஷன் கடைக்குப் போனது வேலை. தண்ணீர் பிடித்தது வேலை. பிள்ளையைப் பள்ளியில் விட்டதும் வேலை. எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். உங்களுக்கென்று என்ன மிஞ்சுகிறது? பலருக்கு ஒன்றும் மிஞ்சாது.

நம் மைசூரில் எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுகிறார்கள். பீடி சுற்றுகிறார்கள். குனிந்த தலை நிமிர்வதில்லை. இடுப்பு பிடித்துக்கொள்கிறது. தூள் மூச்சில் போகிறது. வீட்டு வேலையும் அவர்கள் தலையில்தான்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். கன்னடத்தில் 'பாணந்தி' என்பார்கள். அவளுக்கு ஓய்வு வேண்டும். அது சரி. ஆனால் சன்னலையும் மூடி, மாதக்கணக்கில் இருட்டறையில் வைப்பது சரியா?

சில தாய்மாருக்குப் பிள்ளை பிறந்த பின் மனம் சோர்ந்துபோகிறது. காரணமில்லாமல் அழுகை வரும். தூக்கம் வராது. பிள்ளையைத் தூக்கவே பிடிக்காது. "பேய் பிடித்திருக்கிறது" என்பார்கள். "திமிர்" என்பார்கள். இரண்டும் இல்லை. இது ஒரு நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்கள் 5 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மனநலம் கெடுகிறது.

வெளியே நடந்தால் என்ன கிடைக்கும்?

காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவில் தூக்கம் ஒழுங்காக வரும். வெயில் தோலில் பட்டால் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கும். அது எலும்புக்கு உறுதி. இளவெயிலைவிடச் சற்று ஏறிய வெயிலில் அது கூடுதலாகக் கிடைக்கும். அதற்காக உச்சி வெயிலில் நின்று வாட வேண்டாம். நடந்தால் இரத்த ஓட்டம் சீராகும். மனப் பாரம் குறையும். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, நாளைக்கு அரை மணி. வாரத்தில் 5 நாள்.

காற்றின் அருமை நம் ஊருக்குப் புதிதல்ல. 1898-இல் மைசூர் சமஸ்தானத்தில் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான தெருக்களில் மக்கள் மடிந்தார்கள். 1903-இல் இங்கே நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெருக்கடி குறைந்தது. அகலமான சாலைகள் வந்தன. புதிய பகுதிகள் உருவாயின. காற்றும் வெளிச்சமும் ஊருக்கு வேண்டும் என்று அன்றே புரிந்துகொண்டார்கள். ஊருக்கு வேண்டியது அம்மாவுக்கு வேண்டாமா?

"பெண் பிள்ளை ஊர் சுற்றுகிறாள் என்பார்களே!" என்று ஒரு அக்கா முணுமுணுப்பது கேட்கிறது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் இந்த மைசூர்த் தெருக்களில்தான் நாள்தோறும் நடந்தார். அவரை யாரும் ஊர் சுற்றி என்று சொல்லவில்லை. ஆண் நடந்தால் உடற்பயிற்சி. பெண் நடந்தால் ஊர் சுற்றலா?

ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் சாமுண்டி மலையைப் பாருங்கள். சுமார் 1000 படிகள். பெண்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுகிறார்கள். அன்று யாரும் தடுப்பதில்லை. மற்ற நாளில் தெருக்கோடிவரை நடந்தால் மட்டும் குற்றமா?

எங்கே நடப்பது? குக்கரஹள்ளி ஏரி இருக்கிறது. 1864-இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உண்டானது. கரையில் மர நிழல். நீரில் கூழைக்கடாவும் கொக்கும். முழுச் சுற்றும் வர வேண்டாம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் போதும். 2023 ஜூன் 11-இல் தொடங்கிய சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை. அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஏரி தூரமா? பக்கத்துப் பூங்கா போதும். கோயில் வாசல் போதும்.

தனியாகப் போகத் தயக்கமா? நான்கு பேர் சேருங்கள். இன்று இருவர் நடக்கட்டும், இருவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும். நாளை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அரை மணி நேரம் பிள்ளையைப் பார்ப்பது அவருக்கும் உரிய வேலைதான்.

இரண்டு எச்சரிக்கை. ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டபின் நடக்கத் தொடங்குங்கள். மெதுவாகக் கூட்டுங்கள். மற்றொன்று, நடை மருந்துக்கு மாற்று அல்ல. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஷா சகோதரியிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது அரசின் டெலி மானஸ் சேவை. இரவு பகல் எப்போதும் உண்டு. காசு இல்லை. தமிழிலும் பேசலாம்.

அம்மாவின் உடம்பும் மனமும் நன்றாக இருந்தால்தான் வீடு நன்றாக இருக்கும். வேலை எப்போதும் தீராது. தீர்ந்த பிறகு போகலாம் என்றால் என்றைக்கும் போக முடியாது. நாளை காலை பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். செருப்பை மாட்டுங்கள். புறப்படுங்கள்.