ஒரே ஆண்டில் விடைபெற்ற இருவர்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டும் வேறுவேறு என்று இவ்விழாக் குழுவிலேயே சிலர் கருதுவதை நான் அறிவேன். இன்று மாலை நிகழ்ச்சியில் பறை முழங்கலாமா, கூடாதா என்று மூன்று கூட்டங்களில் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் இரு தரப்பிலும் உண்மை இருந்தது. அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

மேல்நாடுகளில் புகழ்பெற்ற பாடகர்கள் முதுமை எய்தியதும், 'இதுவே எங்கள் கடைசிச் சுற்றுப்பயணம்' என்று முன்கூட்டியே அறிவித்து, ஊர் ஊராகச் சென்று பாடி விடைபெறுகிறார்கள். மக்களும் கண்ணீர் மல்க வழியனுப்புகிறார்கள். நம் கலைஞருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாம் கடைசியாகக் கேட்ட பாட்டு அதுதான் என்பது, அவர் மறைந்த செய்தி வந்த பிறகே நமக்குத் தெரிகிறது.

அவ்வாறு 2016ஆம் ஆண்டில் நாம் இருவரை இழந்தோம். சனவரி 17ஆம் நாள் முனைவர் கே. ஏ. குணசேகரன் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் கவிஞர் இன்குலாப் மறைந்தார். ஒருவர் இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தையில் பிறந்தவர். மற்றவர் கீழக்கரையில் பிறந்தவர். ஒருவர் பாடகர், மற்றவர் கவிஞர். ஒருவர் நம்மவர், மற்றவர் இசுலாமியக் குடும்பத்தில் தோன்றி, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். இருவரும் சேர்ந்து ஒரு குழு வைத்து நடத்தியவர்கள் அல்லர். ஆயினும் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' என்னும் பாட்டைக் குணசேகரன் பாடக் கேட்ட எவரும் அவ்விருவரையும் பிரித்து எண்ண மாட்டார். முத்துக்குளித்த காலத்தில் நம் கடலில் மூழ்குபவர் ஒருவர், படகில் நின்று கயிறு பிடிப்பவர் ஒருவர். கயிற்றைப் பிடித்தவரின் கையில்தான் மூழ்கியவரின் உயிர் இருந்தது. அந்த இருவரும் எனக்கு அப்படியே தோன்றுகிறார்கள். முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நம் கரையில் நின்றுபோயிற்று. அது வேறு கதை.

நான் அப்பாட்டை முதன்முதலாகக் கேட்டது 1980களின் நடுவில், இந்நகரத்துப் பொதுமேடை ஒன்றில். உடன் என் தந்தையாரையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவரைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும்.

என் தந்தையார் பறை அடித்தவர். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் வரும். மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல் அவர் போயாக வேண்டும். கூலியென்று பேரம் பேச இயலாது; கொடுத்ததைக் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்ட பின் அவருக்கு அங்கே சுமை தூக்கும் வேலை கிடைத்தது. முதல் வாரக் கூலி வாங்கிய அன்று மாலை, பறையைச் சுவரிலிருந்து எடுத்துத் தோலைக் கத்தியால் கிழித்தார். சட்டத்தை அடுப்பில் வைத்தார். என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அந்நாள் முதல் எங்கள் வீட்டில் எவரும் தாம்பாளத்தில்கூடத் தாளம் போடக் கூடாது என்பது கட்டளை.

அவ்வேளை எனக்கு அது பெருமையாகவே இருந்தது. ஏனெனில் நான் படித்த பள்ளியில் ஆண்டு விழா வந்தபோது, பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சென்ற என்னை நிறுத்தி, "உங்களுக்கு அடிக்கத்தானே தெரியும், மேளத்துக்குப் போ" என்று ஓர் ஆசிரியர் கூறினார். வகுப்பே சிரித்தது. பறையை வெறுத்த என் தந்தையாரை அன்று நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். ஆகவே, 'பறை வேண்டாம்' என்று இக்கழகத்தின் பெரியவர்கள் கூறும்போது, அவர்களைப் பிற்போக்காளர் என்று இளைஞர்கள் ஏளனம் செய்தல் கூடாது. அவர்கள் விட்டெறிந்தது இசையை அன்று, இழிவை.

மேடைக்கு வருகிறேன். குணசேகரன் வந்து நின்றார். முன்னுரை நீளமாக இல்லை. பக்கத்தில் பறைக்காரர்கள் நின்றார்கள். அவர் குரலை உயர்த்தியதும், அதுவரை சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டம் அமர்ந்துவிட்டது. அப்பாட்டு கெஞ்சவில்லை, இரங்குமாறு எவரையும் வேண்டவில்லை. எரிக்கப்பட்டும் வெட்டப்பட்டும் மாண்ட மக்கள் எழுந்து நின்று கணக்குக் கேட்பதுபோல் இருந்தது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நாற்பத்து நான்கு பேர் எரிந்ததை நாளிதழில் படித்திருந்தேன். படித்தபோது வராத சினம் கேட்டபோது வந்தது. அதே மேடையில் அவர் நாற்று நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடினார். உப்பளத்துக்கு வந்து சேருமுன் கரிசல் காட்டில் களையெடுத்த என் தாயார் முணுமுணுக்கும் மெட்டுகள் அவை. ஒலிபெருக்கியில் அவற்றை நான் கேட்டது அதுவே முதல் முறை.

தந்தையார் தலை குனிந்தே அமர்ந்திருந்தார். அழைத்து வந்தது தவறோ என்று அஞ்சினேன். நிகழ்ச்சி முடிந்து நடந்து வருகையில், பாலத்தைத் தாண்டும்வரை அவர் பேசவில்லை. பிறகு, "தோல இன்னும் கொஞ்சம் காய்ச்சிருக்கணும்லே. சத்தம் அமுங்கிப்போச்சு" என்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த பறை பற்றிய முதற்சொல் அது. அன்றிரவு திண்ணையில் அமர்ந்து, சட்டத்துக்கு மூன்று மரத்துண்டுகளை எப்படி இணைப்பது, புளியங்கொட்டைப் பசையை எவ்வளவு நேரம் காய்ச்சுவது, கன்றுத் தோலை எப்படி இழுத்து ஒட்டுவது, வைக்கோல் தீயில் எத்தனை முறை காட்டுவது என்று சொல்லிக்கொண்டே போனார். அத்தனையும் ஒரு கல்வி. அதற்குச் சான்றிதழ் வழங்கிய பள்ளிதான் இல்லை. நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை என்பது என் வாழ்நாள் வருத்தம்.

குணசேகரன் குறித்து வைத்துக்கொண்டார். அதுவே அவரை நான் இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம். அவர் பாடகர் மட்டும் அல்லர். நம் நாட்டுப்புறப் பாடல்களையே ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியர். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். 'பலி ஆடுகள்' என்னும் நாடகத்தை எழுதினார். 2005இல் 'வடு' என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். பசியையும் இழிவையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தம்பிகள் ஒவ்வொருவரும் அந்நூலைப் படித்தல் வேண்டும். நம் நூலகத்தில் இரண்டு படிகள் உள்ளன, ஒன்று எவரோ எடுத்துச் சென்று இன்னும் திருப்பவில்லை.

கடல் கடந்த ஒரு செய்தியையும் கேளுங்கள். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பள்ளி தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளில் அது கடனில் மூழ்கியது. 1871 அக்டோபரில் அப்பள்ளியின் மாணவர்கள் ஒன்பது பேர் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டார்கள். தொடக்கத்தில் வெள்ளையர் மேடைகளில் வழங்கிய பாட்டுகளையே அவர்கள் பெரிதும் பாடினர். தம் பெற்றோர் அடிமைகளாய் இருந்து பாடியவற்றை வெளியார் முன் பாட அவர்கள் கூசினர். நமக்கும் பறைக்கும் இடையே உள்ள கூச்சம் போன்றதுதான் அது. பிறகு துணிந்து பாடினார்கள், கேட்டவர் உருகினர். 1873இல் விக்டோரியா அரசியின் முன்னும் பாடினார்கள். அவர்கள் திரட்டிய பணத்தால் எழுந்த கட்டடம் 1876இல் திறக்கப்பட்டது. அக்குழுவின் பெயர் யூபிலிப் பாடகர்கள். அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டாக விவிலியம் கூறும் யூபிலி ஆண்டிலிருந்து எடுத்த பெயர். நாம் இன்று கொண்டாடும் வெள்ளி விழாவையும் ஆங்கிலத்தில் ஜூபிலி என்றே அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம்.

குணசேகரனை நான் கடைசியாகக் கேட்டது, அவர் மறைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மண்டபத்தில். குரல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை என்று எனக்குத் தோன்றியது. உயர வேண்டிய இடத்தைக் கூட்டமே பாடி நிரப்பியது. அவர் சிரித்தார். அருகில் சென்று என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல எண்ணினேன், கூட்டம் நெருக்கியது, அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். இன்குலாப் மறைந்த மறு ஆண்டு, அவருடைய 'காந்தள் நாட்கள்' தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டதும், குடும்பத்தார் அதை ஏற்க மறுத்ததும் நீங்கள் அறிந்தவையே. 2025இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ வழங்கப்பட்டது. என் தந்தையார் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இனி நம் வாதத்துக்கு வருகிறேன். சாவு வீட்டுக்கு ஆள் விட்டு அழைத்தால் போகாதே என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிறர் ஏவ அடிப்பது வேறு; நாம் விரும்பி, நம் மேடையில், நாம் குறித்த நேரத்தில் அடிப்பது வேறு. குழுவினர் இறுதியில் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் எழுந்து போனாலும் நான் குறை கூற மாட்டேன்.

இன்று அடிக்கப் போகிறவர்கள் நம் விடுதியில் தங்கிப் பட்டப்படிப்புப் பயிலும் இரண்டு தங்கைகள். சென்ற மாதம் அவர்கள் என் வீட்டிற்கு வந்து, "ஐயா, தாத்தாவோட குச்சி இருக்குதா?" என்று கேட்டார்கள். அடுப்பில் வைத்தது சட்டத்தை மட்டுமே. குச்சிகளைத் தாயார் பரணில் ஒளித்து வைத்திருந்தார். பூவரசில் செய்த அடிக்குச்சி நன்றாகவே இருக்கிறது. சிண்டுக்குச்சியைத்தான் எலி கடித்துவிட்டது. மூங்கிலில் புதிதாக ஒன்று சீவிக் கொடுத்திருக்கிறேன். சற்றுக் கனமாகிவிட்டது என்று அத்தங்கை கூறுகிறாள். வைக்கோலும் தயாராக இருக்கிறது. தோலை நன்றாகக் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன்.