அடுத்த வீட்டுத் தொட்டில்



இன்று செவிலியர் பட்டம் பெறும் உங்கள் முன்னால், எந்தப் பட்டமும் பெறாத ஒரு தாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ். 1832இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார்; இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதிச் சிற்றூர்களில் குடும்பம் நடத்தினார். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் நால்வரே. தட்டம்மையும் டைபாய்டும் தொண்டை அடைப்பானும் வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கொண்டுபோன காலம் அது.

அத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் வீட்டோடு முடங்கியிருந்தாலும் ஊர் குறை சொல்லியிருக்காது. அவருக்கோ அடுத்த வீட்டுத் தொட்டில் கண்ணை விட்டு அகலவில்லை. 1858இல், வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே சுற்றுவட்டாரத் தாய்மார்களைத் திரட்டினார். கிராஃப்டன், வெப்ஸ்டர், ஃபிலிப்பி உள்ளிட்ட ஊர்களில் அன்னையர் பணி மன்றங்கள் தோன்றின. மருத்துவரான உடன்பிறந்தவர் ஜேம்ஸ் ரீவ்ஸ் துணைநின்றார்.

மன்றத்துப் பெண்கள் மருந்துக்குப் பணம் திரட்டினார்கள். காசநோயில் படுத்துவிட்ட தாயின் வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்தினார்கள். குழந்தைகள் குடிக்கும் பால் சுத்தமானதா என்று சோதித்தார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே இவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நம் கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் நினைவு வரும்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரே ஊரில் அண்ணன் ஒரு படையில், தம்பி எதிர்ப்படையில். மன்றங்களும் பிளந்துவிடாமல் ஆன் ஜார்விஸ் காத்தார். முகாம்களில் டைபாய்டு பரவியபோது, சீருடையின் நிறம் பாராமல் இரு தரப்பு வீரர்களுக்கும் அந்தப் பெண்கள் பணிவிடை செய்தார்கள். போர் முடிந்தும் பகை ஆறவில்லை. 1868இல் ப்ரண்டிடவுன் நீதிமன்ற வளாகத்தில் இரு தரப்புக் குடும்பங்களையும் அவர் ஒன்றுகூட்டினார். கலவரம் வெடிக்கும் என்ற அச்சம் அவரைத் தடுக்கவில்லை.

கிராஃப்டன் நகரின் ஆண்ட்ரூஸ் மெதடிஸ்ட் ஆலயத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார். 1905 மே 9 அன்று மறைந்தார். 1908 மே 10 அன்று அதே ஆலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. மகள் அன்னா, தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் 500 அனுப்பிவைத்தார். அன்னாவின் தொடர் முயற்சியால் 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். நாம் ஆண்டுதோறும் வாழ்த்துச் சொல்லும் நாள் இதுதான். அதைப் பூவுக்கும் வாழ்த்து அட்டைக்குமான வியாபாரமாக்கியவர்களை எதிர்த்து அன்னா தன் கடைசிக் காலம்வரை போராடினார். அவர் கோபம் நியாயமானது. பிறர் பிள்ளைக்காகத் தெருவில் இறங்கிய ஒரு தாயின் நினைவுநாள் அது.

அன்புச் செல்வங்களே, உங்களில் பலரைப் படிக்கவைக்க ஓர் அம்மா நகையை அடகு வைத்திருப்பார், தூக்கத்தைத் தொலைத்திருப்பார். இன்று வீட்டுக்குப் போனதும் இந்தப் பட்டத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். நாளை வார்டுக்குள் நுழையும்போது, அவர் உங்களைப் பார்த்துக்கொண்டதுபோல் அங்கே படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் யார், எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். காய்ச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்.