அறுந்த கயிறும் எழுதிய கையும்



சுவிற்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையிலே, 4478 மீற்றர் உயரத்தில் தனித்து நிற்கின்றது மற்றர்ஹோர்ண் சிகரம். புல்வெளி, கொம்பு என்னும் பொருளுடைய இரு ஜேர்மன் சொற்கள் சேர்ந்தமைந்த பெயர் அது. அடிவாரக் கிராமமாகிய சேர்மாற்றின் பெயரிலும் அதே புல்வெளி உண்டு. கால்நடை வளர்த்து வாழ்ந்த மக்கள், தம் மேய்ச்சல் நிலத்தில் நின்றே மலைக்குப் பெயரிட்டனர். உச்சியிலே பாழடைந்த நகரொன்றில் ஆவிகள் உறைவதாகவும் நம்பினர்.

1865 ஜூலை 14ஆந் திகதி, ஆங்கிலேயரான எட்வேட் விம்பர் உட்பட எழுவர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். இறங்குகையில் ஹடோ என்னும் இளைஞர் கால் இடறினார். குறோ, ஹட்சன், டக்ளஸ் ஆகிய மூவரும் அவருடன் இழுபட்டனர். டக்ளசுக்கு அடுத்து நின்றவர் சேர்மாற் வழிகாட்டியான மூத்த பீற்றர் தௌக்வால்டர். அவ்விருவருக்குமிடையே கயிறு அறுந்தது, நால்வர் மாண்டனர். விம்பரும் தௌக்வால்டரும் அவர் மகனும் தப்பினர்.

தம்மைக் காக்கத் தௌக்வால்டரே கயிற்றை வெட்டினாரோ என்ற வதந்தி எழுந்தது. விசாரணை அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. 1871இல் விம்பரின் நூல் வெளியாயிற்று. கயிறு வெட்டப்படவில்லை என்று அதில் எழுதிய விம்பர், இருந்தவற்றுள் நலிந்த கயிறு அவ்விடத்தில் ஏன் கட்டப்பட்டது என்ற ஐயத்தையும் விதைத்துச் சென்றார். நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. தௌக்வால்டரோ நூல் எழுதியவரல்லர். தீர்ப்பு துடைத்த பழியை ஏடு மீண்டும் அவர் தோளில் ஏற்றியது.

மலையின் இத்தாலியப் பக்கத்திலும் இத்தகைய மனிதர் ஒருவர் இருந்தார். வல்த்தூர்னாஞ் கிராமத்து ஜோன் அந்துவான் கரெல், மூன்று நாட்களின் பின் தம் பக்கத்தால் உச்சியை எட்டினார். 1890இல் கடும் பனிப்புயலிலே, தம்மை நம்பி வந்தவரைப் பத்திரமாகக் கீழே சேர்த்துவிட்டு, களைப்பினால் உயிர் நீத்தார்.

அறுந்த கயிற்றின் துண்டு இன்று சேர்மாற் நூதனசாலையிலே இருக்கின்றது. பார்ப்போர் பலரும் விம்பரின் கண்கொண்டே அதனைப் பார்க்கின்றனர். எழுத்து வலியது, ஆதலால் எழுதுபவனின் பொறுப்பும் பெரியது. பயண நூலொன்றைக் கையில் எடுக்கும்போது, அதில் வழிகாட்டியாக வந்து மௌனமாய் நிற்பவனின் பக்கம் என்னவென்றும் நாம் கேட்போமாக.