அசையும் சித்திரமும் பிளகின் பிணக்கும்

தொலைக்காட்சியில் செய்தி தொடங்குமுன் சுழன்று வந்து நிற்கும் பெயரையும், திரைப்பட முகப்பில் புகையாய்த் தோன்றி எழுத்தாய்த் திரளும் தலைப்பையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றை ஆக்கும் தொழில் மும்பை, ஐதராபாத், பெங்களூர் ஆகிய நகரங்களில் செழித்திருக்கிறது. அதனை நாடித் தமிழகத்தினின்று சென்ற இளைஞர் பலர். அவர்களுக்கு வேலையின் நடுவே நேரும் ஓர் இடர்ப்பாட்டையும், அதனைத் தீர்க்கும் நெறியையும் இன்று ஆராய்வோம்.

இத்தொழிலில் பெரிதும் வழங்கும் மென்பொருள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்துக் கோசா என்னும் சிறு நிறுவனம் இதனை 1993-இல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அது ஆல்டஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1994-இல் ஆல்டஸை அடோபி தன்னுடன் இணைத்துக்கொண்டது. இம்மென்பொருள் தானே செய்யாத விந்தைகளைச் செய்வதற்காகப் பிறர் ஆக்கித் தரும் துணைநிரலையே பிளகின் என்கிறோம். தாய் மென்பொருள் ஒருவர் ஆக்கியது. பிளகின் மற்றொருவர் ஆக்கியது. இரண்டும் புதுப்பிக்கப்படும் காலமும் வேறு. ஆதலின் இவற்றிடையே பிணக்கு எழுவதில் வியப்பில்லை.

பிணக்கு மூவகைப்படும். பிளகின் தோன்றாமலே இருத்தல் ஒன்று. தோன்றியும் படம் பிழைபடுதல் மற்றொன்று. மென்பொருளையே வீழ்த்திவிடுதல் மூன்றாவது. நோய் இன்னதெனத் தெளியாமல் மருந்து தேடுவது வீண் என்பதை வைத்தியர் அறிவர். நாமும் அறிதல் நன்று.

முதல் வகையை நோக்குவோம். ஓர் அலுவலகத்தில் செய்த வேலை மற்றோர் அலுவலகத்துக்கு வருகிறது. திறந்தவுடன் சில விளைவுகள் காணப்படவில்லை என்னும் அறிவிப்பு எழுகிறது. சுரம் எழுதிய தாள் வீணையைத் தன்னுடன் சுமந்து செல்வதில்லை. அதுபோலவே வேலைக்கோப்பும் பிளகினின் பெயரையும் அதற்கு நாம் இட்ட அளவுகளையும் தாங்கி வருமேயன்றி, பிளகினைத் தாங்கி வாராது. அந்நிலையில் காணாத விளைவை நீக்கிவிடுதல் தகாது. நீக்கினால் இட்ட அளவுகளும் உடன் மறையும். உரிய பிளகினை உரிய பதிப்பில் நிறுவி, மென்பொருளை மூடித் திறத்தலே முறை. நிறுவிய பின்னும் தோன்றாவிடில், அது உரிய கோப்புறையில் அமர்ந்துள்ளதா என்று காண வேண்டும். விண்டோஸுக்கு ஆக்கியது மேக் கணிப்பொறியில் இயங்காது. 2020-இல் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறத் தொடங்கியது. இன்டெல் சில்லுக்கென மட்டும் ஆக்கிய பிளகின், புதிய சில்லில் நேரே இயங்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஏறுவதில்லை.

இரண்டாம் வகையில் எளியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். படம் அசையாமல் உறைந்து நின்றால், கேப்ஸ் லாக் அழுந்தியிருக்கிறதா எனப் பாருங்கள். அது அழுந்தியிருக்கும்வரை மென்பொருள் காட்சியைப் புதுப்பிப்பதில்லை. ஒளிவட்டம் விளிம்பில் கத்தரித்தாற்போல் நின்றால், அது லேயரின் எல்லையில் தடைப்பட்டிருக்கலாம். லேயரை ஒரு பெரிய காம்போசிஷனுக்குள் அடக்கி, விளைவை வெளியே இட்டால் குறை நீங்கும். விளைவின் அருகே மஞ்சள் முக்கோணம் தோன்றினால், திட்டத்தின் 32 பிட் நிற ஆழத்தை அப்பிளகின் ஏற்கவில்லை என்பது அதன் பொருளாகலாம். மாற்றம் செய்தும் பழைய படமே வருமாயின், கேஷ் நினைவகத்தைத் துடைத்து மீண்டும் நோக்குதல் நலம்.

மூன்றாம் வகையே நெஞ்சை நடுங்கச் செய்வது. விடியுமுன் வேலையை ஒப்படைக்க வேண்டிய வேளையில் மென்பொருள் மடிந்து விழுகிறது. முதற்செயலாகக் கோப்பைப் படியெடுத்து வையுங்கள். மூலத்தில் கைவைக்க வேண்டா. பிறகு பாதி வழியைக் கையாளுங்கள். பதினாறு பிளகின்களில் ஒன்றே குற்றமுடையது எனக் கொள்வோம். எட்டினை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு மென்பொருளைத் திறந்து பார்த்தால், குற்றம் எந்த எட்டில் உள்ளது என்பது தெரியும். அந்த எட்டினை நான்காகவும், நான்கினை இரண்டாகவும், இரண்டினை ஒன்றாகவும் குறைத்தால் நான்கே சோதனையில் குற்றவாளி அகப்படும். ஒன்றொன்றாய்ச் சோதிப்பின் பதினைந்து முறையும் வேண்டியிருக்கும். எப்பிளகினும் குற்றமுடையதன்று எனில், திட்ட அமைப்பில் கிராஃபிக்ஸ் கார்டின் துணையை நிறுத்தி, மென்பொருளே கணக்கிடுமாறு செய்து பாருங்கள். அப்போது செம்மையாய் ஓடினால், குறை கார்டின் டிரைவரில் இருப்பதாக ஐயுறலாம். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டினை மாற்றி வெற்றி கண்டவன், எதனால் வென்றான் என்பதை அறியான்.

திருட்டுப் பிளகினைப் பற்றியும் ஒரு சொல். பூட்டுடைத்த பிளகினில் தீய நிரல் ஒளிந்திருக்கக் கூடும். அது வந்து புகும் கணிப்பொறி நம்முடையதன்று, முதலாளியுடையது. பறிபோவது அவர் கோப்புகளும் நம் நற்பெயரும். வேலையைப் பிறர்க்கு அனுப்புவோர், கோப்புகளைத் திரட்டும் கட்டளையைப் பயன்படுத்துக. வேண்டிய விளைவுகள், எழுத்துருக்கள் இவையெனக் கூறும் அறிக்கையை அது உடன் தரும். பிளகினை அது தருவதில்லை. ஆதலின் சிக்கலான பகுதியை ரெண்டர் செய்து, படமாகவும் உடன் வைத்தல் அறிவுடைமை.

இறுதியாக, நம் மொழிக்குரிய ஒரு செய்தி. தமிழ்த் தலைப்பில் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து தோன்றினால், பிளகினை நொந்து பயனில்லை. தெற்காசிய எழுத்துகளைக் கையாளும் எழுத்தமைப்பு தேர்வாகியுள்ளதா, எழுத்துரு தமிழுக்கு உரியதா என்று காண்க. அப்படியும் திருந்தாவிடில், தமிழைச் செம்மையாய் எழுதும் வேறொரு மென்பொருளில் அமைத்துப் படமாக்கிக் கொணரலாம். வேற்று மாநிலத்து அறையொன்றில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவரே ஆகலாம். அங்கே உடைந்த எழுத்தைக் கண்டு திருத்த வேறு கண்கள் இல்லை; நீங்கள் விட்ட பிழை அப்படியே திரைக்கு ஏறும், தமிழ் மக்கள் அனைவரும் அதனைக் காண்பர். ஆதலின் ஒப்படைக்குமுன் ஒருமுறை எழுத்தெண்ணிப் படியுங்கள்.