பெத்ரோ சலினாஸ் என்னும் ஆசிரியர்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் ஆசிரியர் ஒருவரைப் பற்றியே பேச விழைகிறேன். காதற்கவிதைக்காகக் கொண்டாடப்பெறும் பெத்ரோ சலினாஸ், வாழ்நாள் முழுவதும் ஸ்பானிய மொழியையும் இலக்கியத்தையும் கற்பித்தே பிழைத்தவர். 1891-இல் மத்ரித் நகரில் பிறந்தார். பாரிசின் சொர்போனில் விரிவுரையாளராகத் தொடங்கி, 1918-இல் செவில்யாவில் பேராசிரியரானார். 1920-இல் புரூஸ்தின் பெருநாவலின் முதற்பகுதியை ஸ்பானிய மொழிக்குக் கொணர்ந்தவரும் இவரே.

செவில்யாவில் சட்டம் பயில வந்த கூச்ச சுபாவமுள்ள மாணவர் ஒருவர், பின்னாளில் பெருங்கவிஞர் எனப் போற்றப்பட்ட லூயிஸ் செர்னுதா. பிரெஞ்சுக் கவிஞர்களைப் படிக்குமாறு அவரைத் தூண்டியவர் சலினாஸ். 1928-இல் துலூஸில் அவருக்கு வேலை தேடித் தந்தவரும் அவரே. அந்தக் கடனைச் செர்னுதா 1958-இல் மனமாரப் பதிவு செய்தார். நான்கே ஆண்டுகளில், ஆசான் தம்மைப் புரிந்துகொள்ளவேயில்லை என்ற கசப்பையும் கவிதையாக்கினார். மறுமொழி கூற அப்போது சலினாஸ் இல்லை. இவ்விரண்டுமே உண்மையென நான் கருதுகிறேன். மாணவரைக் கவிஞராக்கும் ஆசிரியர் இத்தகைய கணக்கிற்கு ஆயத்தமாகவே இருத்தல் வேண்டும். அவையில் ஆசிரியப் பணியில் உள்ளோர் புன்னகைப்பது தெரிகிறது!

1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரிக்குப் போன சலினாஸ் தாயகம் திரும்பவேயில்லை. 1940-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். தெருவிலும் கடையிலும் வேற்றுமொழி; தம் மொழி ஒலிப்பது வகுப்பறையிலும் வீட்டிலும் மட்டுமே. கவிஞனுக்கு இதனினும் கொடிய வறட்சி உண்டோ?

1943-இல் புவெர்த்தோ ரிக்கோ அவரை அழைத்தது. காய்கறி விற்பவரும் ஸ்பானிய மொழி பேசும் தீவு அது. ஆயினும் 1898 முதல் அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தமையால், பள்ளியில் பயிற்றுமொழி எது என்ற பூசல் அங்கே ஓயாதிருந்தது. (அப்பூசல் நமக்கும் புதிதன்று.) 1944-இல் அங்குள்ள பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் மொழியை மதித்தலும் காத்தலும் பற்றி அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஆங்கிலத்தின்மேல் பகை பாராட்டாமல், தன் மொழியைச் செம்மையாகக் கையாளத் தெரியாதவன் தன்னையே முழுமையாக அறியமாட்டான் என்ற தளத்தில் அவர் வாதத்தை நிறுத்தியதாகவே நான் புரிந்துகொள்கிறேன். 1949-இல் அத்தீவின் பள்ளிகளில் ஸ்பானிய மொழியே பயிற்றுமொழியாயிற்று. ஓர் உரையின் பயன் அது என்று சொன்னால் மிகையாகும். காற்று எத்திசை வீசியது என்பதற்கு அவ்வுரை சான்று.

சான் ஹுவான் கடலை மட்டுமே பாடுபொருளாகக் கொண்டு, ஒரு கருவும் பதினான்கு மாறுபாடுகளுமாக அவர் இயற்றிய நூல் 1946-இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் பால்டிமோர் திரும்பி, மீண்டும் வகுப்பெடுத்தார். 1951 டிசம்பர் 4-ஆம் நாள் பாஸ்டனில் காலமானார். உடலை அங்கே அடக்கவில்லை. சான் ஹுவானுக்குக் கொண்டுசென்று, அவர் பாடிய கடலின் ஓரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். தம் மொழி பேசுவோர் நடுவே இன்றும் அங்கேயே துயில்கிறார்.