வைத்தியர் கையும் நோயாளர் உயிரும்

ஐரோப்பாவிலே பேர்பெற்று விளங்கிய வியன்னாப் பொது வைத்தியசாலையில், 1840ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே, பிரசவத்துக்கென இரு பகுதிகள் இருந்தன. முதற் பகுதியில் மாணவ வைத்தியர்கள் பயின்றனர். இரண்டாம் பகுதியில் மருத்துவமாதர் பயின்றனர். பிரசவத்துக்கு வரும் பெண்களை ஒரு நாள் ஒரு பகுதியிலும் மறுநாள் மற்றப் பகுதியிலும் சேர்த்துக்கொள்வது வழக்கம். வந்து சேரும் நாள் எதுவோ அதுவே பல பெண்களின் ஆயுளை நிர்ணயித்தது என்றால் மிகையாகாது. 1846இல் முதற் பகுதியிலே குழந்தை பெற்ற 4010 பெண்களுள் 459 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இரண்டாம் பகுதியிலே 3754 பேருள் இறந்தவர்கள் 105 பேர்தாம். கட்டடம் ஒன்றே; உணவு ஒன்றே; ஊரும் ஒன்றே. ஆயினும் பிரசவக் காய்ச்சல் ஒரு வாசலில் மட்டும் காத்து நின்றது.

இந்த வேற்றுமையைப் பேராசிரியர்கள் காற்றின் கேடு என்றும் காலத்தின் கேடு என்றும் கூறி அமைந்தனர். வியன்னாவின் ஏழைப் பெண்களோ அவ்வாறு அமையவில்லை. தம்மை முதற் பகுதியிலே சேர்த்துவிட்டார்கள் என்று அறிந்ததும் முழந்தாளிட்டு, வேறிடம் அனுப்பும்படி மன்றாடினர். சிலர் வைத்தியசாலைக்கு வரும் வழியிலே, தெருவோரத்திலேயே பிள்ளையைப் பெற்று, அதன் பின்னரே உள்ளே வந்தனர். தெருவிலே பெற்றவர்களுக்கு அக்காய்ச்சல் அரிதாகவே கண்டது. வைத்தியமே கிடையாத தெரு, பேர்பெற்ற வைத்தியசாலையைவிடக் காப்பான இடமாயிருந்தது.

1846ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முதற் பகுதியிலே உதவி வைத்தியராகப் பொறுப்பேற்றவர் இக்நாஸ் செம்மல்வைஸ் என்பவர். ஹங்கேரி நாட்டவர், வயது 28. காரணத்தை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்த்தார். நெரிசல் என்றால், இரண்டாம் பகுதியிலேயே நெரிசல் அதிகம். பெண்களைப் பிரசவ காலத்திலே கிடத்தும் முறையை மாற்றினார், பயனில்லை. இறக்குந் தறுவாயில் இருப்போருக்குக் கடைசிச் சடங்கு செய்ய வரும் பாதிரியாருக்கு முன்னே ஒருவர் மணியடித்துச் செல்வார். அந்த ஒலி எழுப்பும் அச்சமே நோயைத் தருகிறதோ என ஐயுற்று, மணியை நிறுத்தி, பாதிரியார் வரும் வழியையும் மாற்றுவித்தார். மரணம் மட்டும் குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரும் பேராசிரியருமான கொலெட்ஷ்கா இறந்தார். பிரேத பரிசோதனை ஒன்றின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலிலே பட்டுவிட்டது, அதுவே காரணம். அவர் உடலைத் திறந்து பார்த்தபோது எழுதப்பட்ட குறிப்பைச் செம்மல்வைஸ் படித்தார். பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களிலே காணப்பட்ட மாற்றங்களே அவரிடத்தும் இருந்தன. காலையிலே பிணத்தை அறுத்துச் சோதித்த மாணவர்களும் வைத்தியர்களும் அடுத்து நேரே பிரசவ விடுதிக்கு வந்து, அதே கையினால் தாய்மாரைப் பரிசோதித்து வந்தனர். மருத்துவமாதர் பிணத்தைத் தொடுவதில்லை. இரு பகுதிகளுக்கும் உரிய வேற்றுமை இவ்வளவே. செம்மல்வைஸும் அவ்வாறு பிணச்சாலையிலிருந்து வந்தவரே. பெண்களைக் கொன்ற கைகளுள் தம்முடைய கையும் ஒன்று என்பதை அவர் முதலில் தமக்குத்தாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்காலத்திலே கிருமிகளைப் பற்றி வைத்திய உலகம் அறியாது. சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னும் கையிலே பிணவாடை நிற்கின்றது என்பதை மட்டும் செம்மல்வைஸ் அறிவார். வாடையைப் போக்குவது எதுவோ அது வாடைக்குக் காரணமானதையும் போக்கும் எனக் கருதி, குளோரீன் நீரிலே கை கழுவிய பின்னரே விடுதியுள் நுழைய வேண்டும் என 1847 மே மாத நடுவில் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது. 1848ஆம் ஆண்டு முழுவதும் நூற்றுக்கு 1.27, அவ்வாண்டின் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு தாயும் இறக்கவில்லை. இடையிலே ஒரு பாடமும் கிடைத்தது. 1847 அக்டோபரில் கருப்பைப் புற்றுநோயுடைய பெண் ஒருத்தி, வைத்தியர்கள் சுற்றி வரும்போது முதலாவதாகப் பார்க்கும் கட்டிலிலே கிடத்தப்பட்டாள். அவளைச் சோதித்தபின் சவர்க்காரத்தால் மட்டும் கை கழுவினர். அவ்வேளை அங்கே பிரசவித்துக்கொண்டிருந்த 12 பெண்களுள் 11 பேர் இறந்தனர். பிணம் மட்டுமன்று, உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்தும் நோய் கையேறி வரும் என்பது தெளிவாயிற்று.

இத்துணைச் சான்று இருந்தும் உலகம் ஏற்கவில்லை. செம்மல்வைஸின் பதவிக்காலம் 1849இல் முடிந்தபோது அது நீடிக்கப்படவில்லை. பெஸ்ட் நகரம் சென்று, அங்கும் தம் முறையை நடத்தி, 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களில் எட்டு மரணங்களே நேரும்படி செய்தார். எனினும் தம் கொள்கையை நூலாக எழுதி வெளியிட்டது 1861இல்தான். மறுத்தவர்களைக் கொலைகாரர் எனப் பகிரங்கக் கடிதங்களிலே சாடினார். 1865 ஆகஸ்டில், மனநோய் விடுதியொன்றில் அடைக்கப்பட்டு, இரத்தத்திலே நஞ்சேறி, 47ஆவது வயதில் மறைந்தார். அவருடைய கோபமே அவருக்குப் பகையாயிற்று என்பார் உளர். அது முழு நியாயமன்று. ஏற்றுக்கொள்வதென்றால் ஒவ்வொரு வைத்தியரும் தாம் இதுவரை எத்தனை தாய்மாரைக் கொன்றோம் என எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத் துணிந்தவர் சிலரே. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். என்ன செய்யவேண்டும் என்பதைக் கண்ட அவர், பிறரைச் செய்விக்கும் வழியைக் காணவில்லை. கட்டளையும் கண்டனமுமே அவரிடம் இருந்தன.

1879இல் பாரிஸிலே லூயி பாஸ்டர் பிரசவக் காய்ச்சலின் கிருமியைச் சங்கிலி வடிவிலே கரும்பலகையில் வரைந்து காட்டினார். அதன் பின்னர் கிருமியை அறியாத வைத்தியர் இல்லை. அறிவு வந்துவிட்டால் பழக்கமும் வந்துவிடும் என்று எவரும் எதிர்பார்ப்பர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 1994இல் டிடியே பித்தே என்ற வைத்தியரும் அவர் குழுவினரும் விடுதிகளிலே நின்று கவனித்தபோது, கை சுத்தம் செய்யவேண்டிய நூறு வேளைகளுள் 48இல் மட்டுமே அது நடந்தது. செல்வம் மிக்க நாடு, குறைவில்லாத நீர், கற்ற ஊழியர்.

பித்தே கண்டனம் செய்யவில்லை, கணக்குப் பார்த்தார். அவசர சிகிச்சை விடுதியிலே ஒரு தாதி மணிக்கு ஏறத்தாழ இருபது தடவை கை சுத்தம் செய்ய நேர்கிறது. கட்டிலை விட்டுத் தொட்டிக்கு நடந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, துடைத்து, மீள்வதற்கு ஒரு நிமிடமாவது செல்லும். விதியை வழுவாது காத்தால் மணிக்கு இருபது நிமிடம் தொட்டியடியிலேயே கழிந்துவிடும். அதற்குள் நோயாளியை யார் பார்ப்பது? வேலை மிகுந்த விடுதியிலேதான் விதி மிகவும் மீறப்பட்டது என்பதும் தெரியவந்தது. எனவே தாதியைத் தொட்டிக்கு அனுப்புவதை விடுத்து, மருந்தைத் தாதியிடம் அனுப்பினர். மதுசாரங் கலந்த கைத்திரவம் கட்டிலருகிலும் சட்டைப்பையிலும் வைக்கப்பட்டது. அரை நிமிடத்துக்குள் தேய்த்தால் போதும்; கை தானே உலரும். ஊழியர்களோடு கலந்து வரைந்த வேடிக்கைச் சுவரொட்டிகள் எங்கும் ஒட்டப்பட்டன. கவனித்துக் கண்ட முடிவுகள் அவ்வப்போது ஊழியர்களுக்கே அறிவிக்கப்பட்டன. 1997 முடிவில் 48 என்பது 66 ஆயிற்று. வைத்தியசாலையிலே தொற்றிய நோயுடையோர் 1994இல் நூற்றுக்கு 16.9 ஆக இருந்து, 1998இல் 9.9 ஆயினர். கையொன்றினாலேயே இவ்வளவும் விளைந்ததென அறுதியிட முடியாது. எனினும் பெரும்பங்கு அதற்குண்டு. தாதிமாரிடம் முன்னேற்றம் நன்கு தெரிந்தது. வைத்தியர்களிடம் அவ்வளவாக இல்லை! வியன்னாவை நினைவூட்டும் செய்தி இது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2005இல் இம்முறையை உலகெங்கும் பரப்பத் தொடங்கியது. வறிய நாடுகளும் தாமே தயாரிக்கும்படி செய்முறை வெளியிடப்பட்டது: பத்து லீற்றருக்கு 96 வீத மதுசாரம் 8333 மில்லிலீற்றர், ஐதரசன் பேரொட்சைட்டு 417, கிளிசரின் 145, எஞ்சியது கொதித்தாறிய நீர். ஆபிரிக்காவின் மாலி நாட்டிலே கரும்பிலிருந்து வடித்த மதுசாரத்தைக் கொண்டு அதனைச் செய்தனர். அங்கே ஒரு வைத்தியசாலையில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பழக்கம் ஏறத்தாழ 22க்கு உயர்ந்தது. பெரும் வெற்றியன்று, ஆயினும் இரு மடங்குக்கு மேல். கையிலே இரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரியுமாயின் இத்திரவம் போதாது. நீரும் சவர்க்காரமுமே வேண்டும். சில கிருமிகளின் வித்துக்களும் மதுசாரத்துக்கு மடிவதில்லை.

கை சுத்தம் செய்யவேண்டிய வேளைகள் ஐந்து என வகுத்தனர். நோயாளியைத் தொடுமுன், சுத்தம் பேணவேண்டிய செயலுக்கு முன், உடற்திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருளைத் தொட்டபின். இவற்றுள் ‘பின்’ என்பவை பெரும்பாலும் காக்கப்படுகின்றன. ‘முன்’ என்பவையே தவறவிடப்படுகின்றன. பின்னர்க் கழுவுவதிலே தன்னைக் காக்கும் எண்ணம் உண்டு. முன்னர்க் கழுவுவது கட்டிலிலே கிடப்பவருக்காக மட்டுமே.

அமெரிக்காவிலே அடம் கிராண்ட், டேவிட் ஹோஃப்மன் என்னும் இரு ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே கருதத்தக்கது. வைத்தியசாலை ஒன்றிலே கைத்திரவப் பெட்டிகளுக்கு மேலே இருவகை அறிவிப்புக்களை வைத்தனர். கை சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும் என்றது ஒன்று. நோயாளரை நோயிலிருந்து காக்கும் என்றது மற்றது. இரண்டுக்கும் இடையே ஒரு சொல்லே வேறு. முதலாவது வைக்கப்பட்ட இடத்திலே திரவத்தின் செலவு கூடவில்லை. இரண்டாவது வைக்கப்பட்ட இடத்திலே கூடியது.